பிழை நீக்கப்பட்ட உதவிக் கோப்பு

நிலையம் வாங்கப்போகும் ஒரு சரக்குக்குத் தன்னைப் பொருள் வல்லுநராக நியமித்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று தீபலட்சுமிக்கு மதியச் சோறு இறங்கவில்லை. டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனாள். நூலகர் வஜீதா அந்த நிலையம் தொடங்கிய நாள் முதல் அங்கே இருப்பவள். தீபலட்சுமி சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஆபீஸ்ல யாருனா உன்மேல கோவமா இருக்காங்களா?"

"ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன். போன வருஷம் தண்ணி ஃபில்டர் வாங்கறதுக்கு சூர்யாவைப் பொருள் வல்லுநரா போட்டாங்க. ஃபில்டர் இன்னும் இருக்குது."

சூர்யா எங்கே என்று தீபலட்சுமி கேட்கவில்லை. வஜீதாவும் சொல்லவில்லை.

நிலையத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆம்பூரில் தோல் பதனிடுகிறவர்களும் காலணி செய்கிறவர்களுமாகச் சில முதலாளிகள் சேர்ந்து, தங்கள் தொழிலாளர்களின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொள்வதற்காக அதை ஆரம்பித்தார்கள். பாலாற்றங்கரைத் தோல்தொழிலாளர் வாரிசுகள் கணினி மொழித் திறன் மேம்பாட்டு நிலையம் என்பது முழுப் பெயர். பலகையில் இடம் போதாததால் கடைசி இரண்டு சொற்களைப் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தார்கள். நிலையத்துக்கு ஆதரவு தருவது இங்கிருந்து ஷூ வாங்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் பெயர் உண்டு என்றாலும் எல்லாரும் பையர் என்றே சொல்வார்கள். மழை வரும் என்று சொல்வதுபோல, பையர் வரும் என்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்க, பையர் ஆண்டுக்கு ஒரு முறை ஆடிட்டரை அனுப்பும்.

அங்கே தீபலட்சுமி ஜாவா என்னும் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொடுத்தாள். பிள்ளைகளிடம் ஜாவா புத்தகம் இல்லை, நூலகத்திலும் இல்லை. இணையத்தையோ பாதுகாப்பு விதி என்று சொல்லிப் பூட்டி வைத்திருந்தார்கள். எனவே அவள் ஒரு நாள், பிள்ளைகள் புரட்டிப் பார்க்க நல்ல குறிப்புப் புத்தகம் ஒன்றும், ஜாவாவோடு இலவசமாகவே வரும் உதவிக் கோப்பும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னாள். இந்த விவகாரத்தில் அவள் செய்த தப்பு இது ஒன்றுதான்.

அவளுடைய ஒரு வருட ஒப்பந்தம் ஆடிட்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தரம், அல்லது வீடு. குடியாத்தத்தில் அவள் வீட்டில் லுங்கித் தறி இரண்டு இருந்தன. ஒன்று நின்றுபோய்த் துணி காயப்போட உதவிக்கொண்டிருந்தது. மற்றதை அம்மா சந்திரா ஓட்டினாள். மகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே, அவளுக்குப் பர்மனன்ட் ஆகிவிட்டது என்று சந்திரா தெரு முழுவதும் சொல்லி, மைசூர்பாகும் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"ஆவப் போறதுதானே, இப்பவே சொன்னா இன்னா? இனிமே ஆவலைன்னா நான் தெருவுல எப்படி நடக்கறது? நீயே சொல்லு."

ஆக, ஆடிட் முடியும்வரை எவர் மனமும் கோணாமல் நடந்துகொள்வது என்று தீபலட்சுமி முடிவு செய்திருந்தாள். அப்படி நடந்துகொள்கிறவர்களைத்தான் பொருள் வல்லுநராகப் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

குறிப்பு நூல் மற்றும் உதவிக் கோப்புத் தேர்வுக் குழு முதல் முறை கூடியபோது, செயலாளர் நந்தகோபால் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஆயுள் முழுவதும் செலக்‌ஷன் மாஸ்டராக இருந்தவர். வந்து குவியும் தோல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று பிரித்துப் போடுவதுதான் செலக்‌ஷன். அவர் தடவிப் பிரித்த தோலை அப்புறம் கடவுளே வந்தாலும் இடம் மாற்ற மாட்டார் என்று ஊரில் பேச்சு. அவருக்கு வலப்பக்கம் நிர்வாக அலுவலர் பிரேம்நாத். அவர் முன்பு ஒரு ஷூ கம்பெனியில் ஆடிட்டர்களைச் சமாளிக்கும் அதிகாரியாக இருந்தார்.

தீபலட்சுமி வேலூருக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளிலும் புதுப் புத்தகக் கடைகளிலும் அலைந்து, மாதிரிக்கு மூன்று புத்தகங்கள் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றும் ஏன் நல்லது, எதில் என்ன குறை என்று குறித்து வைத்திருந்தாள். அவள் பேச வாய் திறந்தபோது நந்தகோபால் கையை நீட்டினார். புத்தகத்தைக் கேட்கிறார் என்று புரிந்து கொடுத்தாள்.

அவர் அதைத் திறக்கவில்லை. அட்டையை உள்ளங்கையால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எழுந்து, வடக்குப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், அந்த வெளிச்சத்தில் புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தோலின் தரத்தை வடக்கு வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். நேர் வெயில் கண்ணை ஏமாற்றும்.

"சார், உள்ளே முதல் அதிகாரத்தில..."

"உள்ள வேணாம் மேடம்." நந்தகோபால் அன்பாகவே சொன்னார். "உள்ள இன்னா இருக்குன்னு படிச்சுப் பார்த்து வாங்கறவன் வியாபாரியே இல்ல. படிச்சா பாசம் வந்துடும். பாசம் வந்துட்டா கிரேடு போட முடியாது. நாப்பது வருஷம் தோல் பார்த்தேன், இந்தக் கையால. ஒரே ஒரு ஆட்டைக்கூட உயிரோட கிட்டத்துல பார்த்ததில்ல. அதான் என் கிரேடு சுத்தமா இருக்கும்."

பிரேம்நாத் இதை மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், எழுதிக்கொண்டார்.

நந்தகோபால் சட்டைப் பையிலிருந்து தோலின் கனம் அளக்கும் கருவியை எடுத்தார். கடிகாரம் போன்ற முகம் வைத்த சின்ன இடுக்கி அது. மூன்றில் மெல்லியது, பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமானது என்று தீபலட்சுமி நினைத்திருந்த புத்தகம், அதில் நிற்கவே இல்லை.

"கனம் கம்மி. கையில எடுத்தா வளையுது பாருங்க. ரிஜெக்ட்."

"சார், ஆரம்பப் பிள்ளைங்களுக்கு அதுதான் சார் எளிமையா..."

"எளிமையா இருக்கறதுதான் மேடம் சீக்கிரம் கிழியும்."

மிகவும் தடித்த புத்தகம் கருவியின் வாய்க்குள்ளேயே போகவில்லை. அதற்கு முதல் தரம் கொடுத்தார்கள். அது ஜாவா பற்றியது அல்ல, வேறொரு கம்ப்யூட்டர் மொழியைப் பற்றியது. கடையில் அவள் பார்த்துக் குறித்ததற்குப் பதிலாகக் கடைக்காரர் இதைத் தவறுதலாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். தீபலட்சுமி அதைச் சொல்ல நினைத்தாள். ஆனால் பிரேம்நாத் அப்போது பேனாவை மூடிவிட்டார். மூடிய பேனாவைத் திறக்க வைப்பது யார் மனதையாவது கோணச் செய்யும் என்று தோன்றியது.

நடுத்தரப் புத்தகம், ஜாவாவுடையது, இரண்டாம் தரத்தில் தேறியது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்து உதவிக் கோப்பு. பென் டிரைவை மேசைமேல் வைத்தாள். நந்தகோபால் அதைத் தடவிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு கலக்கம் தெரிந்தது.

"சரக்கு எங்க?"

"இதுக்குள்ளதான் சார் இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா தெரியும். ஒரு சொல்லைத் தட்டினா அதுக்கான விளக்கத்துக்குப் போகும். அங்கேருந்து இன்னொண்ணைத் தட்டினா..."

"கையில வராத சரக்குக்குக் கிரேடு போட்டா நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க? பிரிண்ட் போடச் சொல்லுங்க."

"சார், அது ஆயிரக்கணக்கான பக்கம் வரும்."

"தோலும்தான் லாரி லாரியா வருது. நாங்க பேஜார்னு சொல்லிட்டு வீட்டுக்கா போனோம்?"

வேலூர் லாங் பஜாரிலிருந்து காகிதக் கட்டுகள் வந்து இறங்கின. நிலையத்து அச்சு இயந்திரம் ஓடியது. சூடேறி நின்றது. மின்விசிறி வைத்து ஆற்றியதும் மறுபடி ஓடியது. பாடம் நடத்த வேண்டிய நேரமெல்லாம் தீபலட்சுமி காகிதம் அடுக்கினாள். கடைசியில் வகுப்பறைகளில் ஒன்று கூரைவரை உதவிக் கோப்பால் நிரம்பியது. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்தார்கள்.

குழு நேரில் வந்து பார்வையிட்டது. நந்தகோபால் ஒரு தாளை உருவி, நீல நிறத்தில் அடிக்கோடிட்ட ஒரு சொல்லை ஈரத் துணியால் தேய்த்தார். துணி நீலமானது.

"சாயம் நிக்கல. இப்படி ஷூவை அனுப்பினா பையர் கன்டெய்னரோட திருப்பி அனுப்புவான். கறுப்புல போடச் சொல்லுங்க."

மறுபடி எல்லாம் கறுப்பில் அச்சானது. இந்த முறை பிரேம்நாத் அடிக்கோடிட்ட ஒரு சொல்லின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினார்.

"தட்டினா போகும்னு நீங்க சொன்னதா மினிட்ஸ்ல இருக்கு, மேடம்."

"கம்ப்யூட்டர்ல, சார்."

"கம்ப்யூட்டர்லன்னு மினிட்ஸ்ல இல்லையே."

பொருள் சொன்ன விவரப்படி இல்லையென்றால் பொறுப்பு பொருள் வல்லுநருடையது. பிரேம்நாத் நல்ல மனிதர் என்பதால் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வாசல் காவலர் காசி இனிமேல் இணைப்பு உதவியாளராகவும் இருப்பார். பிள்ளைகள் தாளில் ஒரு சொல்லை அழுத்திவிட்டு உரக்கச் சொல்ல வேண்டும். காசி அந்த அறைக்கு ஓடி, உரிய பக்கத்தை எடுத்துவந்து தர வேண்டும்.

காசி ஓடினார். அன்று சாயங்காலமே தீபலட்சுமியிடம் வந்து படியில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா மேடம் புக்கு இது? ஒரு பொண்ணு ஸ்ட்ரிங்குன்னு கூவிச்சு. எடுத்தாந்தேன். அதுல, ஆப்ஜெக்ட்டைப் பாருன்னு போட்டிருக்குதாம். ஓடிப் போய் ஆப்ஜெக்ட்டை எடுத்தாந்தேன். அதுல ஸ்ட்ரிங்கைப் பாருன்னு போட்டிருக்குது. எழுதனவன் சிரிச்சிக்கினே எழுதியிருப்பான் போல."

அடுத்த கூட்டத்தில்தான் உண்மையான விபரீதம் ஆரம்பித்தது. பிரேம்நாத் உதவிக் கோப்பின் பொருளடக்கத்தைப் படித்திருந்தார். படித்தவர் அவர் ஒருவர்தான். அவர் எழுந்து நின்று பேசிய விதத்தில், அறையில் யாரோ இறந்துவிட்டது போல இருந்தது.

"ஐயா, ஒரு விஷயம். வாங்கற இடத்துல நம்மளை நல்லா ஏமாத்தியிருக்காங்க. இந்தக் கோப்புல எரர் இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல. எரருன்னே ஒரு அதிகாரம் இருக்கு. அந்த ஜாவா புத்தகத்துலயும் இருக்கு."

நந்தகோபால் கண்ணை மூடினார். ஆடிட்டுக்கு வாரக்கணக்குதான் இருந்தது.

"சார், அது புத்தகத்துல இருக்கற எரர் இல்ல சார்," என்றாள் தீபலட்சுமி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பிள்ளைங்க புரோகிராம் எழுதும்போது எரர் வரும். வந்தா அது என்ன, எப்படிச் சரி பண்றதுன்னு சொல்ற இடம் அது. அதுக்குத்தான் சார் உதவிக் கோப்பே."

"அப்ப நம்ம பிள்ளைங்களுக்கு எரர் வரும்னு நீங்களே சொல்றீங்க."

"எல்லாருக்கும் வரும் சார்."

"எழுதிக்கவா?" பிரேம்நாத் பேனாவைத் திறந்தார்.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிரேம்நாத் குழுவைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் கம்பெனியில இருந்தப்போ ஒரு சம்பவம். தீ விபத்து ஒத்திகைன்னு வருஷம் பூரா நடத்துவோம். ஆடிட்டர் வந்த அன்னிக்கு, பிசின் ஒட்டற இடத்துல நிஜமாவே தீ புடிச்சிடுச்சு. ஒருத்தன் ஓடணுமே! ஒருத்தன் கத்தணுமே! எல்லாரும் வரிசையா, புன்சிரிப்போட, நடந்து வெளிய வந்தாங்க. ஆடிட்டர் டீ குடிச்சிட்டுப் போனாரு. தீ புடிச்சதே அவருக்குத் தெரியாது. ரெண்டு லைன் மெஷின் எரிஞ்சு போச்சு, சர்ட்டிபிகேட் வந்துடுச்சு. அதுதான் சிஸ்டம்."

நந்தகோபால் சட்டைப் பையிலிருந்து வெள்ளி நிறப் பேனாவை எடுத்தார். தோலில் எங்கே தழும்பு, எங்கே உண்ணி கடித்த குழி என்று சுற்றி வட்டம் போடுகிற பேனா அது. வட்டம் போட்ட இடத்தை விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுப்பார்கள். எந்த மாடும் தழும்பில்லாமல் வளர்வதில்லை. ஆனால் எந்த ஷூவிலும் தழும்பு இருப்பதில்லை. இந்த முறையில் அவர் ஆயுளில் ஒரு தவறும் நடந்ததில்லை.

உதவிக் கோப்பிலும் புத்தகத்திலும் எரர் என்ற சொல் வந்த இடமெல்லாம் வட்டம் விழுந்தது. எச்சரிக்கை, தோல்வி, கூடாது என்று பொருள் வரும் சொற்களுக்கும் முன்ஜாக்கிரதையாக வட்டம் போட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் பக்கத்துக் கொட்டகையில் இருந்த கிளிக்கிங் இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். ஷூவின் மேல்தோலை அச்சு வைத்து அழுத்தி வெட்டும் இயந்திரம் அது. குழந்தை ஷூவின் அச்சு கைவசம் இருந்ததால் அதையே பயன்படுத்தினார்கள். திரும்பி வந்த புத்தகத்தில், பக்கத்துக்குப் பக்கம் குழந்தைப் பாதம் பதிந்த அளவுக்கு ஓட்டை இருந்தது.

ஒரு சான்றிதழும் தயாரானது. மேற்கண்ட நூலிலும் கோப்பிலும் பிழை ஏதும் இல்லை என்று பொருள் வல்லுநர் உறுதி கூற வேண்டும்.

அன்றைக்குக் குடியாத்தம் போனதும் அவள் அம்மாவிடம் சொன்னாள். தறிச் சத்தத்தில் சந்திராவுக்குப் பாதிதான் கேட்டது.

"கையெழுத்துதானே? போட்டுடேன். நீ போடலைன்னா புக்குல ஓட்டை இல்லாம போயிடுமா?"

"நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னைத்தாம்மா புடிப்பாங்க."

"போடலைன்னா நாளைக்கு வரைக்கும் வெயிட் பண்ண மாட்டாங்க, இன்னிக்கே புடிப்பாங்க."

மறுநாள் போட்டாள். அவசரமாகக் கிறுக்கியதால் கையெழுத்து அவளுடையது போலவே இல்லை. அதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

வகுப்பில் முதல் எரர் ஹம்மாதின் திரையில் வந்தது. அவன் அப்பா தோல் பதனிடும் பீப்பாயில் வேலை செய்கிறவர். கேள்வி கேட்பதில் ஹம்மாதுக்குக் கூச்சமே கிடையாது.

"மேடம், செவப்பா இன்னாமோ வருது."

"புத்தகத்தில பாரு."

"பார்த்தேன் மேடம். ஓட்டை வழியா உங்க முகம்தான் தெரியுது."

வகுப்பு சிரித்தது. தீபலட்சுமி கதவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் குனிந்து, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்கு விடை சொல்வது போன்ற மெல்லிய குரலில் சொன்னாள். "வரி முடியற இடத்தில அரைப்புள்ளியை விட்டுட்ட. அதை வெச்சா போயிடும்."

போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொரு காதாகக் குனிந்து குனிந்து சொன்னாள். வகுப்பில் இருபது பேருக்கு நன்றாகவே ஜாவா வர ஆரம்பித்தது. எப்படி வருகிறது என்று நிர்வாகம் விசாரித்தது.

சுற்றறிக்கை வந்தது. நிலையத்தில் மாணவர்களுக்கு எழுத்தாலோ அச்சாலோ வாயாலோ தரப்படும் எந்த உதவியும் உதவிக் கோப்பு என்றே கருதப்படும். குழுவின் தேர்வு பெறாத உதவிக் கோப்புகள் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது.

"அப்ப நான், சார்?"

பிரேம்நாத் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அதேதான் மேடம் எங்க கவலையும். இத்தனை நாள் அங்கீகாரம் இல்லாம உள்ள இருந்திருக்கீங்க. நான் வெளிய சொல்லல."

குழு அவளைத் தேர்வு செய்யக் கூடியது. இந்த முறை அவளுக்கு நாற்காலி போடவில்லை. மாதிரிகளுக்கு நாற்காலி போடுகிற வழக்கம் இல்லை. வடக்கு ஜன்னலருகே நிற்கச் சொன்னார்கள். முதல் அதிகாரத்தைச் சொல்லச் சொன்னார்கள். மாறி என்றால் என்ன, எண் என்றால் என்ன என்று அவள் சொன்னாள். நந்தகோபால் எட்டத்தில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தொழிலில் அவர் நாணயமானவர், ஒரு சொல்லும் தரக்குறைவாகப் பேசவில்லை.

"குரல் இழுத்தா நிக்குது. நடுவுல கொஞ்சம் தளர்வு. ஓரத்துல நடுக்கம். ஆனா பதம் இருக்கு," என்றார். "எரர் வந்தா இன்னா செய்யணும்னு சொல்லுங்க, பார்ப்போம்."

அவள் சொல்லக் கூடாது என்று தெரியும். சொல்லாவிட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லாதவள் ஆவாள் என்றும் தெரியும். "வரியோட கடைசியில..." என்று ஆரம்பித்தாள்.

"அங்கதான்," என்றார் நந்தகோபால் வருத்தத்தோடு. தழும்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய கோப்பைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தில், வாயைச் சுற்றி வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

பிரேம்நாத் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"வேணாம், வேணாம். மார்க் மட்டும் இருக்கட்டும்," என்றார் நந்தகோபால். "நல்ல சரக்கு. மார்க் இருக்கற இடத்தைத் தானே பார்த்துக்கும்."

ஆடிட் நாள் வந்தது. காசிக்கு ஷூ கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஒரு புரோகிராமை, வாய்ப்பாடு போல, நாள் தவறாமல் அடித்துப் பழகியிருந்தார்கள். அதில் எரர் வர வழியே இல்லை.

ஆடிட்டர் சௌமியா சென்னையிலிருந்து வந்த இளம்பெண். ஒரே வாரத்தில் ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று பல இடம் சுற்றிக் களைத்திருந்தாள். கையில் டேப்லெட். புத்தகத்தைப் புரட்டினாள். ஓட்டைகளைப் பார்த்தாள். புருவம் லேசாக உயர்ந்தது.

"காற்றோட்டம்," என்றார் பிரேம்நாத்.

அவள் எதையோ தொட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு எந்தப் பையனைக் கேட்கலாம் என்று சுற்றிப் பார்த்து, ஹம்மாத் அருகில் போய் நின்றாள். "ஏதாவது ஒண்ணு எழுதிக் காட்டுப்பா."

ஹம்மாத் அடித்தான். அந்நியர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது விரல் பிசகும். திரை சிவந்தது.

கொட்டகையில் கிளிக்கிங் இயந்திரம் அழுத்தி எழுந்த சத்தம் ஒருதரம் கேட்டது.

"இது என்னப்பா?"

"எங்க நிலையத்துல எரர் வராது மேடம்," என்றான் ஹம்மாத், பழக்கியிருந்தபடி.

"வந்திருக்கே."

அதற்குமேல் பழக்கவில்லை. ஹம்மாத் யோசித்தான். "இது வெளியிலேர்ந்து வந்திருக்குது மேடம்."

சௌமியா திரும்பினாள். "நீங்கதான் மேடம் இங்க... உதவிக் கோப்பா?" டேப்லெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. "இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?"

அரைப்புள்ளி. ஒரே ஒரு அரைப்புள்ளி. அது அவள் நாக்கின் நுனியில் இருந்தது. ஹம்மாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நந்தகோபால் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டிருந்தார். தெருவில் மைசூர்பாகு வாங்கித் தின்ற முகங்கள் ஒவ்வொன்றாக தீபலட்சுமியின் நினைவுக்கு வந்தன. வாய் திறந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டது.

சௌமியா டேப்லெட்டைத் தாழ்த்திப் பிடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசுவது போலச் சொன்னாள்: "எனக்கும் ஜாவா தெரியாது மேடம். எரர் சம்பந்தமான புகார் உண்டா, இல்லையா, அவ்வளவுதான் என் லிஸ்ட்ல கேட்டிருக்கு. லிஸ்ட்ல இல்லாததை நான் பார்த்தா, நான் பார்த்துட்டேன்னு ஆயிடும். அப்புறம் நான் ரிப்போர்ட் எழுதணும், அதுக்கு மேல ஒருத்தர் எழுதணும்." ஹம்மாத் பக்கம் திரும்பினாள். "அந்த ஸ்க்ரீனைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிடுப்பா."

ஹம்மாத் அணைத்தான். ஆடிட்டர் டீ குடித்துவிட்டுப் போனாள்.

பையரின் பிராந்தியத்திலேயே பிழையே இல்லாத ஒரே கற்றல் மையம் என்ற சான்றிதழ் பின்னாலேயே வந்தது. நந்தகோபால் தீபலட்சுமியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவ்வளவு பெரிய இடத்துலேர்ந்து வந்தவங்க கேக்குறாங்க. உங்க வாயிலேர்ந்து ஒரு எரர், ஒண்ணே ஒண்ணு வரணுமே? வரல. நாப்பது வருஷத்துல இப்படி ஒரு சரக்கு நான் பார்க்கல மேடம். உங்களைப் பர்மனன்ட் பண்ணிட்டோம்."

தீபலட்சுமிக்கு அழுகை வந்தது. நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை பிரேம்நாத் காத்திருந்தார்.

"ஆசிரியர் தலைப்புல நிரந்தர இடம் கிடையாது மேடம், அது உங்களுக்கே தெரியும். ஆனா நூலகப் பொருள் தலைப்புல இடம் இருக்கு. உங்களைத்தான் ஏற்கெனவே கமிட்டி உதவிக் கோப்பா ஏத்துக்கிட்டாச்சே. ரூட் கிளியர்." அவர் தாளைத் திருப்பினார். "நாளையிலேர்ந்து வகுப்புக்குப் போக வேண்டாம். லைப்ரரியில இருந்தா போதும். யாருக்காவது வேணும்னா அவங்க அங்க வந்து பார்த்துக்குவாங்க."

மறுநாள் வஜீதா அவளுடைய அடையாள அட்டையின் பின்புறம், மற்ற புத்தகங்களுக்கு ஒட்டுவது போலவே ஓர் எண்ணை ஒட்டினாள். உட்கார இடம் சுவர் ஓரமாக, அகராதிகளுக்கும் தடித்த புத்தகத்துக்கும் நடுவே ஒதுக்கினாள். ஒட்டும்போது வஜீதா நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவளை அப்படி தீபலட்சுமி பார்த்ததே இல்லை.

பகல் முழுவதும் ஒருவரும் வரவில்லை. ஒருமுறை ஹம்மாத் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே பார்த்தான். சிரிக்கலாமா என்று யோசித்தவன் போல நின்றுவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் சந்திராவிடமிருந்து போன் வந்தது. பின்னால் பல பெண்களின் குரல் கேட்டது.

"எல்லாரும் வந்து குந்தினு இருக்காங்கடி. இந்தத் தடவை ஜாங்கிரி வாங்கியிருக்கேன். நெஜமாவே ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா."

"பர்மனன்ட்டுன்னா இனிமே யாராலயும் வெளிய அனுப்ப முடியாதில்ல?"

"முடியாதும்மா."

"அப்ப சீக்கிரம் கெளம்பி வா."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வஜீதா கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டு மடியில் இருந்தது.

"தீபா, ரெஃபரன்ஸ் சரக்கை வெளிய குடுக்கற வழக்கம் இல்ல," என்றாள் வஜீதா. "உன் பர்மனன்ட் ஆர்டர்ல அந்த ஒரு வரியும் போட்டிருக்காங்க. நீ பின்பக்கம் படிக்கலையா?"

"அக்கா, கடைசி பஸ்..."

"இருடி, யோசிக்க விடு."

வஜீதா வெகுநேரம் யோசித்தாள். ஒரு புத்தகம் நியாயமாக நூலகத்தைவிட்டு வெளியேற என்ன வழி உண்டு என்று தன் பணிக்காலம் முழுவதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து கதவைத் திறந்தாள்.

"பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு போட்டுக்கறேன். காலைல அந்த பிரேம்நாத் சரக்கு சரிபார்க்க வர்றதுக்குள்ள வந்து எடத்துல குந்திடணும். தெனமும் இப்படியே பண்ணிக்கலாம். ஆனா ஒரு நாள் வரலைன்னு வெச்சுக்கோ, தொலஞ்சு போச்சுன்னு எழுத வேண்டியதாயிடும். தொலஞ்ச புக்கை நாங்க தேடறதில்ல. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"பேரணாம்பட்டு வழியா குடியாத்தம் போற வண்டி நிக்குது பாரு. ஓடு."

தீபலட்சுமி ஓடினாள். வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது, உதவிக் கோப்புகள் ஓடலாமா, ஓடி எங்கேயாவது மடங்கிக் கசங்கிவிட்டால் காலையில் யார் பதில் சொல்வது என்ற பயம் வந்தது. வேகத்தைக் குறைத்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஒழுங்காக நடக்கத் தொடங்கினாள். எதிரே பேருந்து புறப்பட்டுவிட்டது.